மரத்தை வெட்டினால் மண்ணில் என்ன குறையும்?

வாசகர் கேள்வி, ஜனவரி 6

காட்டில் மரத்தை வெட்டினால் மரத்தில் இருந்த கரிமம் (கார்பன்) போகிறது, புரிகிறது. மண்ணை யாரும் லாரியில் ஏற்றிக்கொண்டு போகவில்லையே? மறுபடி கன்று நட்டு வளர்த்தால் கணக்கு நேராகிவிடும். பிறகு ஏன் மண் கரிமம் குறைகிறது, சத்து குறைகிறது என்று சொல்கிறார்கள்? காட்டு மண் ஆய்வில் வேலை பார்த்ததாக முன்பு எழுதியிருந்தீர்களே அண்ணா, நீங்களே சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு

மண்ணை லாரியில் ஏற்றவில்லை என்பது சரி, தம்பி. ஆனால் மண்ணில் இருக்கும் கரிமம் பெட்டிக்குள் பூட்டி வைத்த நகை மாதிரி இருப்பதில்லை. வரவும் செலவுமாக நாள்தோறும் ஓடிக்கொண்டே இருக்கும் கணக்கு அது. இலை உதிர்கிறது, மெல்லிய வேர் செத்து மட்குகிறது, வேரிலிருந்து சர்க்கரை கசிகிறது. இதெல்லாம் வரவு. நுண்ணுயிரும் பூஞ்சையும் அதைத் தின்று கார்பன் டை ஆக்சைடாக மூச்சு விடுவது செலவு. மரத்தை வெட்டிய அன்றே இந்த அன்றாட வரவு நின்றுவிடுகிறது. செலவு நிற்பதில்லை. நிழல் போய் வெயில் தரையில் விழுகிறது, மண் சூடாகிறது. தண்ணீரை உறிஞ்ச மரம் இல்லாததால் ஈரமும் கூடுதலாக நிற்கிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் நுண்ணுயிருக்கு வேறென்ன வேண்டும்?

அளவைப் பாருங்கள். 2011-ல் வந்த ஓர் உலகக் கணக்கின்படி காடுகளில் மொத்தம் 861 பில்லியன் டன் கரிமம் இருக்கிறது. அதில் உயிருள்ள மரம் செடிகளில் 42 சதவீதம். மேல் ஒரு மீட்டர் மண்ணில் மட்டும் 44 சதவீதம். லாரியில் ஏறாத பங்குதான் பெரிய பங்கு. அதனால்தான் அதில் சில சதவீதம் ஆடினாலும் பேசுகிறார்கள்.

ஜனவரி 7

நேற்று கரிமத்தை மட்டும் சொன்னேன். சத்துக் கதை வேறு மாதிரி போகும்.

மரத்தின் தண்டு பார்க்கப் பெரிது, சத்தில் ஏழை. காய்ந்த தண்டுக் கட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய 0.1 சதவீதம்தான் இருக்கும். இலையில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் வரை. ஒரு ஹெக்டேரில் 100 டன் காய்ந்த தண்டை எடுத்தால் சுமார் 100 கிலோ தழைச்சத்து வெளியே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு கொப்பு, இலை எல்லாவற்றையும் சேர்த்து அள்ளும்போது அதில் 8 டன் இலை இருந்தால், 1.5 சதவீதக் கணக்கில் இன்னொரு 120 கிலோ போய்விடுகிறது. நூறு டன் சுமந்ததைவிட எட்டு டன் சுமந்ததில் இழப்பு அதிகம். இது மாதிரிக்காக நான் போட்ட கணக்கு. மரத்துக்கு மரம் மாறும், ஆனால் போக்கு இதுதான்.

பட்டையை மறந்துவிடாதீர்கள். சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) அங்கேதான் குவிந்து கிடக்கும், பல மரங்களில் ஆக்சலேட் படிகமாக. நான் போன ஒரு வெட்டுக் காட்டில் கட்டைகளை உரித்த இடம் ஒன்று இருந்தது. உரித்துப் பல வருடம் கழித்துத்தான் அதைப் பார்த்தேன். பட்டை குவிந்து மட்கிய வட்டத்துக்குள் நின்ற கன்றுகள் பக்கத்துக் கன்றுகளைவிட ஒரு முழம் உயரம். இலை நிறமே வேறு, கரும்பச்சை. வட்டத்தின் விளிம்பைக் கயிறு கட்டாமலே அளக்கலாம், அவ்வளவு துல்லியம். காடு முழுக்கப் பரவியிருக்க வேண்டிய சத்து ஒரே இடத்தில் குவிந்துபோயிருந்தது. அந்தக் கன்றுகளைப் பார்த்து மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, ஏனென்றால் மற்ற இடமெல்லாம் அதை இழந்து நின்றது.

தழைச்சத்து மழையோடும், காற்றிலிருந்து பிடிக்கும் நுண்ணுயிர்கள் வழியாகவும் மெல்லத் திரும்பி வரும். மணிச்சத்துக்கும் (பாஸ்பரஸ்) சுண்ணாம்புச்சத்துக்கும் பெரும்பாலும் பாறை கரைந்துதான் வர வேண்டும். பாறைக்கு அவசரம் கிடையாது.

ஜனவரி 9

"சத்து மண்ணிலேயே இருக்குமே, எங்கே போகும்?" என்று கேட்டீர்கள். ஓடை வழியாகப் போகும். இதைக் கண்ணுக்கு முன் காட்டிய சோதனை ஒன்று உண்டு.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பர்ட் புரூக் என்ற காடு. அங்கே சிறு சிறு நீர்ப்பிடிப்புகளின் (மழைநீர் ஒரே ஓடைக்கு வடியும் நிலப்பரப்புகளின்) அடியில் அணை கட்டி, வெளியேறும் ஒவ்வொரு சொட்டையும் அளந்தார்கள். 1965 கடைசியில் சுமார் 16 ஹெக்டேர் கொண்ட ஒரு நீர்ப்பிடிப்பில் மரங்கள் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்தார்கள். ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் குழு 1970-ல் விரிவான முடிவை வெளியிட்டது. வெட்டிய பிறகு ஓடை நீரில் நைட்ரேட் செறிவு முதல் வருடம் 41 மடங்கு, இரண்டாம் வருடம் 56 மடங்கு. குடிநீருக்கான வரம்பையே தாண்டிவிட்டது. ஓடும் நீரின் அளவும் முதல் வருடம் 39 சதவீதம் கூடியது.

ஏன் இப்படி? மட்கில் இருக்கும் தழைச்சத்தை நுண்ணுயிர் முதலில் அம்மோனியமாக்கும், அடுத்து நைட்ரேட்டாக்கும். மரம் நிற்கும்போது வேர்கள் அதைப் போட்டி போட்டு எடுத்துக்கொள்ளும். எடுக்க ஆள் இல்லாதபோது நைட்ரேட் தேங்குகிறது. அது எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் உள்ளது. மண் துகளும் பெரும்பாலும் எதிர் மின்னூட்டம் உள்ளது. அதனால் மண் அதைப் பிடித்து வைக்காது, மழைத் தண்ணீரோடு இறங்கிவிடும். தனியாகவும் இறங்காது. மின்னூட்டம் சமனாக வேண்டும் அல்லவா, அதற்காகச் சுண்ணாம்புச்சத்து, மெக்னீசியம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூன்றையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். நைட்ரேட் ஆக்கும்போது அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் மண் துகளில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் கழற்றிவிடுகிறது. ஒரு சத்து போவதாக நினைப்போம், போவது நான்கு.

ஜனவரி 10

நேற்றைய குறிப்பில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன், திருத்திக்கொள்ளுங்கள். அந்தச் சோதனையில் வெட்டிய மரத்தை வெளியே எடுக்கவே இல்லை, அப்படியே கிடக்கவிட்டார்கள். அதைவிடப் பெரிய விஷயம், அடுத்த மூன்று கோடைகளிலும் களைக்கொல்லி அடித்து ஒரு புல்கூட முளைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஆகவே அந்த 41 மடங்கு, 56 மடங்கை எடுத்து "மரம் வெட்டினால் இப்படித்தான் ஆகும்" என்று யாராவது எழுதினால் அது தவறு. செடிகளே இல்லாமல் போனால் மண் எதை இழக்கும் என்பதைக் காட்டிய சோதனை அது.

சாதாரணமாக வெட்டிய காட்டில் நைட்ரேட் ஏறும், ஆனால் அந்த அளவுக்கு ஏறாது, சில வருடத்தில் இறங்கியும் விடும். காரணம் முளைத்து வரும் பச்சை. அதே ஹப்பர்ட் புரூக் பக்கத்தில் காட்டுச் செர்ரி ஒன்று இருக்கிறது. அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் தூங்கும். மேலே நிழல் விலகியதும் பொலபொலவென்று முளைத்து, வழிந்து போகும் சத்தைப் பிடித்துத் தன் உடம்பில் வைத்துக்கொள்ளும். இருபது முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, அந்தச் சத்தைத் திரும்ப மண்ணில் போட்டுவிட்டுச் சாகும். "களை மண்டிவிட்டது" என்று வெட்டுக் காட்டைப் பார்த்து முகம் சுளிப்பவர்களிடம் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. அந்தக் களைதான் அந்த வருடம் மண்ணைக் காப்பாற்றுகிறது.

ஜனவரி 14

சரி, கரிமத்துக்குத் திரும்புவோம். எவ்வளவு குறைகிறது என்று எண்ணில் கேட்டீர்கள்.

தரையில் கிடக்கும் சருகு மெத்தையைத் தனியாகவும், அதற்குக் கீழே உள்ள கனிம மண்ணை (பாறை பொடிந்து உண்டான மண்ணை) தனியாகவும் பார்க்க வேண்டும். கையை உள்ளே விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே காய்ந்து சலசலக்கும் இலை. அதற்கடியில் ஈரமான, உருவம் பாதி சிதைந்த இலைகள், வெள்ளை நூல் மாதிரி பூஞ்சை ஓடி ஒன்றோடொன்று தைத்து வைத்திருக்கும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் போர்வை மாதிரி மொத்தமாகக் கிளம்பும். இன்னும் கீழே காப்பித்தூள் மாதிரிக் கறுப்பு, அதில் இலை எது, மண் எது என்று பிரிக்க முடியாது. வெட்டி இரண்டு கோடை கழிந்த இடத்தில் அதே மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். தைத்த நூல் அறுந்து, கையில் துண்டு துண்டாக வரும்.

1981-ல் வெளிவந்த ஆய்வுக்காக வாலஸ் கோவிங்டன் என்பவர் நியூ ஹாம்ப்ஷயர் மலைக்காடுகளில், வெவ்வேறு காலத்தில் வெட்டப்பட்ட இடங்களை வரிசைப்படுத்தி இந்த மெத்தையை அளந்தார். வெட்டிய 20 வருடத்துக்குள் மெத்தையில் பாதி காணாமல் போகிறது, பிறகு பல பத்தாண்டுகளில் மெல்ல மீள்கிறது என்றது அவருடைய வளைவு. அது மிகவும் பிரபலமாகிவிட்டது.

பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்புகள் வந்தன. 2001-ல் ஜான்சன், கர்ட்டிஸ் இருவரின் தொகுப்பு, சராசரியாகப் பார்த்தால் மண் கரிமத்தில் பெரிய மாற்றம் இல்லை என்றது. தண்டை மட்டும் எடுத்த இடங்களில் 18 சதவீதம் கூடியும், முழு மரத்தையும் அள்ளிய இடங்களில் 6 சதவீதம் குறைந்தும் இருந்தது. 2010-ல் நேவ் குழு மிதவெப்பக் காடுகளிலிருந்து 432 ஒப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தத்தில் 8 சதவீதக் குறைவு, சருகு மெத்தையில் 30 சதவீதக் குறைவு, கனிம மண்ணில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு இதுவரை பதில்: மெத்தை மெலிகிறது என்பதில் சந்தேகம் இல்லை. கீழே என்ன நடக்கிறது என்பதில்தான் சண்டை.

ஜனவரி 15

கனிம மண்ணில் மாற்றம் இல்லை என்று நேற்று எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. நானே ஒரு முறை மாற்றத்தைத் தப்பாக அளந்தவன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

மண் அடர்த்தி எடுக்க எஃகு வளையம் உண்டு, 100 கன சென்டிமீட்டர் மண் பிடிக்கும். அதை மண்ணில் அடித்து இறக்கி, சுற்றித் தோண்டி, கத்தியால் இருபுறமும் சீவி, காய வைத்து எடை போட வேண்டும். கூடவே கரிமம் எத்தனை சதவீதம் என்று ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். ஆழம், அடர்த்தி, சதவீதம் மூன்றையும் பெருக்கினால் ஹெக்டேருக்கு எத்தனை டன் என்று நேராக வந்துவிடும். 20 சென்டிமீட்டர், அடர்த்தி 1.0, கரிமம் 3 சதவீதம் என்றால் 60 டன்.

வெட்டுவதற்கு முன் எடுத்தோம். வெட்டி இழுத்த பிறகு அதே இடத்தில், அதே 20 சென்டிமீட்டருக்கு எடுத்தோம். சதவீதம் மாறவே இல்லை, 3-தான். ஆனால் இயந்திரம் ஏறி மண் இறுகி அடர்த்தி 1.2 ஆகியிருந்தது. பெருக்கினேன், 72 டன். மரம் வெட்டியதால் மண்ணில் 12 டன் கரிமம் கூடியிருக்கிறது! கார்பன் டை ஆக்சைடில் சொன்னால் 44 டன். அறிக்கையில் அப்படியே எழுதி மேலே அனுப்பிவிட்டேன். கூட வேலை பார்த்த மூத்தவர் ஒருவர் படித்துவிட்டு, "மெத்தையைக் காலால் மிதித்துவிட்டு அதே முழக்கோலால் அளந்தால் பஞ்சு கூடிவிடுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார், எனக்கு விளங்கிவிட்டது.

மண் இறுகியதால் முன்பு 20 சென்டிமீட்டரில் இருந்த மண் இப்போது 16.7 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிட்டது. நான் 20 வரை எடுத்தபோது, முன்பு அளக்காத அடி மண்ணையும் சேர்த்து எடுத்திருக்கிறேன். ஆழத்தை அல்ல, மண் எடையைச் சமமாக வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் பழைய 60 டன்தான், ஒரு கிலோ கூடவில்லை. அந்த அறிக்கையைத் திரும்ப வாங்கித் திருத்தினேன்.

அடர்த்தியே சொல்லாமல் "மண் கரிமம் கூடியது" என்று யார் எழுதினாலும் அன்றிலிருந்து நான் நம்புவதில்லை.

ஜனவரி 21

கோவிங்டன் வளைவைப் பற்றி 14-ஆம் தேதி எழுதியதை இப்போது பாதி திரும்பப் பெறுகிறேன்.

ஒரே இடத்தைப் பல வருடம் பின்தொடர்ந்து அவர் அளக்கவில்லை. 5 வருடம் முன்பு வெட்டிய காடு, 20 வருடம் முன்பு வெட்டிய காடு, 60 வருடம் முன்பு வெட்டிய காடு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கோடாக்கினார். அதில் ஒரு சிக்கல். 60 வருடம் முன்பு வெட்டியவர்கள் வேறு விதமாக வெட்டினார்கள், வேறு விதமாக இழுத்தார்கள். புதிதாக வெட்டிய இடங்களில் கனமான இயந்திரங்கள் மெத்தையைக் கிளறி மண்ணுக்குள் புரட்டிவிட்டிருக்கும். மேலே அளந்தவருக்கு அது "காணாமல் போன கரிமம்". உண்மையில் ஒரு பங்கு ஒரு சாண் கீழே இறங்கியிருக்கிறது.

2003-ல் ரூத் யானாய், கர்ரி, குடேல் மூவரும் இதைத்தான் எடுத்துச் சொன்னார்கள். அந்த இடங்களைத் திரும்பப் போய் அளந்தபோது வளைவு சொன்ன மாதிரி எல்லாம் நடக்கவில்லை. இருபது வருடத்தில் பாதி எரிந்து காற்றில் போய்விட்டது என்று பாடம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. மெத்தை மெலிகிறது, அது உறுதி. மெலிந்ததெல்லாம் காற்றுக்குப் போயிற்று என்பது உறுதி இல்லை.

ஜனவரி 23

எரிப்பது பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வெட்டிய பிறகு கொப்பு தழையைக் குவித்து எரித்தால் தழைச்சத்து ஏறக்குறைய 200 டிகிரியிலிருந்தே வாயுவாகக் கிளம்பிவிடும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் பெரும்பாலும் சாம்பலில் தங்கும், அடுத்த மழை மெதுவாக வந்தால். வேகமாக வந்தால் சரிவில் ஓடிவிடும். கொஞ்சம் கரித்துண்டாகி நெடுங்காலம் நிற்கும். குவித்து எரித்த இடத்தின் அடியில் மண் செங்கல் நிறத்தில் வெந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் நாலைந்து வருடம் எதுவும் முளைக்கவில்லை.

பிப்ரவரி 2

மண் இறுக்கம் பற்றி முன்பு எழுதியது வெறும் அளவைப் பிழைக் கதை. இறுக்கமே ஒரு கேடு என்பதைச் சொல்லவில்லை.

அமெரிக்க வனத்துறை 1989-ல் நீண்டகால மண் உற்பத்தித் திறன் சோதனை ஒன்றைத் தொடங்கியது, பிறகு கனடாவும் சேர்ந்தது. அமைப்பு எளிமையானது, அதனால்தான் எனக்குப் பிடிக்கும். எடுப்பதில் மூன்று படி: தண்டு மட்டும், முழு மரம், முழு மரத்தோடு தரைச் சருகையும் சுரண்டி எடுப்பது. இறுக்குவதில் மூன்று படி: இல்லை, நடுத்தரம், கடுமை. பெருக்கினால் ஒன்பது பாத்திகள். இதை வெவ்வேறு மண்ணில் திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

பழைய 26 இடங்களின் பத்து வருட முடிவு 2005-ல் வந்தது. தரைச் சருகையும் சுரண்டிய பாத்தியில் மேல் 20 சென்டிமீட்டரில் கரிமச் செறிவும் கிடைக்கும் சத்தும் குறைந்தன. அதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தச் சருகு மெத்தை போனதுதான். கொப்பு தழையை எடுப்பதற்கும் விடுவதற்கும் அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. மொத்தக் கரிம இருப்பு குறைந்த மாதிரி தெரியவில்லை என்றும் சொன்னார்கள். ஆனால் உடனே காரணமும் சொன்னார்கள்: அடர்த்தி மாறியிருக்கிறது, வெட்டிய மரத்தின் வேர்கள் மட்கி உள்ளே கரிமம் சேர்த்திருக்கின்றன. என் 12 டன் நினைவு வருகிறதா?

இறுக்கத்தின் விளைவு மண்ணைப் பொறுத்தது. களிமண்ணில் மரம் கெட்டது. மணலில் சில இடங்களில் நன்றாகவே வளர்ந்தது, ஏனென்றால் மணல் இறுகியதும் தண்ணீரைக் கூடுதலாகப் பிடித்து வைத்தது. "இறுக்கம் எப்போதும் கெட்டது" என்று நான் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு. அந்த வாக்கியத்திலிருந்து "எப்போதும்" என்பதை எடுத்துவிட்டேன்.

களிமண்ணில் நடப்பதை நேரில் பார்த்தால் மறக்காது. ஈரமான நாளில் இழுவை இயந்திரம் போன தடத்தில் ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம். அடுத்த வருடமும் அதில் தண்ணீர் நின்றது. மண்வெட்டியால் ஒரு கட்டி எடுத்தேன். பழுப்பு நிறம் போய்ச் சாம்பல் நீலம், அழுகிய முட்டை நாற்றம். காற்று இல்லாத மண். அங்கே வேர் போகாது, தழைச்சத்து வாயுவாகிக் கிளம்பும், மீத்தேனும் வரும். சேதத்தின் பெரும்பகுதி முதல் சில முறை இயந்திரம் ஏறும்போதே நடந்துவிடுகிறது. அதனால் வண்டியைக் காடெங்கும் ஓட்டாமல் ஒரே தடத்தில் ஓட்டுவதும், தடத்தில் கொப்புகளைப் பரப்பி அதன்மேல் ஓட்டுவதும், மழைநாளில் வேலையை நிறுத்துவதும் பெரிய விஷயம். சொல்லச் சின்னதாக இருக்கும். ஒரு வாரம் வேலை நிற்பதைப் பொறுக்காமல் முப்பது வருட மண்ணைக் கெடுத்த இடங்களில் நான் நின்றிருக்கிறேன்.

பிப்ரவரி 3

"வெட்டிய காட்டில் மண் மூச்சை அளந்தார்கள், குறைந்திருந்தது. அப்படியென்றால் கரிமம் போகவில்லை என்றுதானே அர்த்தம்?" நல்ல கேள்வி, தம்பி. ஆனால் அர்த்தம் அதுவல்ல.

மண்ணிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடில் இரண்டு பேருடைய மூச்சு கலந்திருக்கிறது: மட்கைத் தின்பவர்கள், உயிருள்ள வேரும் அதை ஒட்டி வாழும் பூஞ்சையும். 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக வடக்கு சுவீடனில் பைன் மரங்களின் பட்டையை வளையமாக உரித்து, இலையில் ஆகும் சர்க்கரை வேருக்கு இறங்காமல் செய்தார்கள். இரண்டு மாதத்துக்குள் மண் மூச்சு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. குறைந்த அந்தப் பாதி மூச்சும் அன்றன்று இலையில் ஆன சர்க்கரையிலிருந்து வந்திருக்கிறது. ஆகவே மரத்தை வெட்டினால் வேர் மூச்சு நின்று மொத்தம் குறையும். அதற்குள்ளேயே மட்குச் செலவு கூடியிருக்கலாம். ஒரே குழாயில் இரண்டு தண்ணீர் வந்தால் மொத்த அளவை மட்டும் வைத்து எது கூடியது என்று சொல்ல முடியாது.

இதே வேர்ப்பூஞ்சை பற்றி இன்னொன்று. 2013-ல் வெளிவந்த ஆய்வில், சுவீடனின் தீவுக் காடுகளில் பார்த்தபோது, மண்ணில் சேர்ந்திருந்த கரிமத்தில் 50 முதல் 70 சதவீதம் வேரிலிருந்தும் வேரோடு வாழும் பூஞ்சையிலிருந்தும் வந்தது என்று தெரிந்தது. மேலிருந்து விழுந்த சருகு அல்ல, கீழிருந்து வந்தது! ஜனவரி 6-ல் வரவுக் கணக்கில் இலையை முதலில் எழுதினேன் அல்லவா, அந்த வரிசையை இப்போது எழுதினால் வேரை முதலில் எழுதுவேன்.

பிப்ரவரி 11

ஒருமுறை வெட்டுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆறு ஏழு வருடத்துக்கு ஒருமுறை வெட்டும் தைலமரத் தோப்பை நினைத்துப் பாருங்கள். எண்பது வருடத்தில் ஒரு வெட்டு என்றால் பாறையும் மழையும் சத்தை ஈடுகட்ட நேரம் இருக்கிறது. ஏழு வருடத்துக்கு ஒன்று என்றால் அதே காலத்தில் பதினொரு வெட்டு. அதோடு இளமரத்தில் இலை, பட்டை, கொப்பின் பங்கு முதிர்ந்த மரத்தைவிட அதிகம், அதாவது டன்னுக்குச் சத்து அதிகம்.

காங்கோவில் பாயின்ட் நுவார் பக்கத்துத் தைலமரத் தோப்புகள் வெறும் மணல் மேல் நிற்பவை. அங்கே வெட்டிய பின் தரையில் எவ்வளவு கழிவு விட்டார்களோ அதை வைத்தே அடுத்த சுற்று மரம் எவ்வளவு வளரும் என்று சொல்ல முடிந்தது. மணலில் வேறு சேமிப்பு இல்லை, அந்தச் சருகுதான் மொத்தக் கையிருப்பு.

தென் ஆஸ்திரேலியாவில் ரேடியாட்டா பைன் இரண்டாம் சுற்றில் முதல் சுற்றைவிடக் குறைவாக விளைகிறது என்று 1960-களில் கண்டுபிடித்தார்கள். அங்கே கழிவை எரிப்பதை விட்டு, தரையிலேயே விட்டுக் களையையும் கவனித்தபோது விளைச்சல் மீண்டது. இந்தக் கதையை நான் அடிக்கடி சொல்வேன், ஏனென்றால் இதில் திரும்பி வர வழி இருக்கிறது.

ஒரு மரம்கூட வெட்டாமலே காட்டு மண்ணைக் கெடுக்கலாம் என்பதற்கும் சான்று உண்டு. மத்திய ஐரோப்பாவில் பல தலைமுறையாக மாட்டுக் கொட்டிலில் படுக்கை போடக் காட்டுச் சருகை வாரிக்கொண்டு போனார்கள். மரம் நின்றது, மண் இளைத்தது. பவேரியாவில் எபர்மாயர் 1876-லேயே இந்தச் சருகைப் பற்றித் தனி நூல் எழுதி, அதில் என்ன சத்து வெளியே போகிறது என்று கணக்கிட்டார். நூற்று ஐம்பது வருடமாகத் தெரிந்த விஷயத்தைத்தான் நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம்.

பிப்ரவரி 12

அடிக்கட்டையையும் பிடுங்கி எரிபொருளுக்கு அனுப்பலாமா என்று கேட்டவருக்கு: பின்லாந்திலும் சுவீடனிலும் செய்து பார்த்தார்கள். அடிக்கட்டையில் சத்து குறைவு, அது உண்மை. ஆனால் பிடுங்கும்போது மண் புரளும் பரப்பு பெரிது. எனக்கு உடன்பாடில்லை. கழிவை எரித்த சாம்பலை (சுத்தமானதாக இருந்தால்) திரும்பக் காட்டில் தூவுவதை சுவீடனில் ஊக்குவிக்கிறார்கள். அதில் சுண்ணாம்பும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் திரும்பும். தழைச்சத்து திரும்பாது, அது புகைபோக்கியிலேயே போயிற்று.

பிப்ரவரி 20

ஜனவரி 7-ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் கொப்பு தழையைத் தரையில் விட்டால் மண் கரிமம் கூடும்" என்று எழுதியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அப்படிப் படிக்க இடம் கொடுத்துவிட்டேன். கழிவில் உள்ள கரிமத்தில் பெரும்பங்கு சில வருடங்களில் காற்றுக்குத்தான் போகும், கனிம மண்ணுக்குள் இறங்கித் தங்குவது சிறு பங்கு. கழிவை விடுவது சத்துக்காக, நிழலுக்காக, ஈரத்துக்காக, வண்டித் தடத்துக்காக. இன்னொரு நன்மையும் உண்டு: கட்டையில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. அதைத் தின்னும் நுண்ணுயிர் தனக்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துத் தன் உடம்பில் பூட்டிக்கொள்கிறது. 1984-ல் விட்டூசெக், மேட்சன் இருவரும் வட கரோலினாவின் பைன் தோப்பில் காட்டியது இதைத்தான்: வெட்டிய பின் நைட்ரேட்டை ஓடவிடாமல் பிடித்தவர்களில் நுண்ணுயிரின் பங்கு பெரிது. செடி முளைக்கும்வரை அவர்கள் காவல்.

என்ன செய்யலாம் என்று கடைசியாகக் கேட்டீர்கள். நான் வெட்டுவதே கூடாது என்பவன் இல்லை. வெட்டுங்கள், தண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இலை உதிரும்வரை கொப்பைக் காட்டிலேயே கிடக்கவிடுங்கள், முடிந்தால் பட்டையையும் அங்கேயே உரித்துப் பரப்புங்கள். சருகு மெத்தையைச் சுரண்டாதீர்கள், அது போன இடத்தில்தான் இழப்பு மிகத் தெளிவாகத் தெரிந்தது. ஒரே தடத்தில் ஓட்டுங்கள். முளைப்பதை முளைக்கவிடுங்கள். சுற்றை நீட்டுங்கள். மண்ணை அளப்பதானால் வெட்டுவதற்கு முன்பே ஒரு முறை அளங்கள், ஒரு மீட்டர் ஆழம் வரை. 2016-ல் ஜேம்ஸ், ஹாரிசன் தொகுப்பு வந்தபோது மொத்தக் குறைவு சுமார் 11 சதவீதம் என்றது. ஆழத்தில் அளந்தவர்கள் சிலரே, ஆனால் அங்கேயும் இழப்பு தெரிந்தது. மேல் ஒரு சாணை மட்டும் பார்த்துவிட்டு "மாற்றமில்லை" என்று எழுதியவர்கள் நிறைய.

பிப்ரவரி 20, பிறகு

ஆழம் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. வெட்டிப் பல வருடம் ஆன ஒரு அடிக்கட்டைப் பக்கத்தில் குழி தோண்டினோம். தண்டை மட்டும் எடுத்த இடம், தரையைத் தொடவில்லை. செம்மண் சுவரில் கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புக் கோடு, இடுப்பளவு ஆழம் வரை நேராக இறங்கியது. பழைய வேர் மட்கிப் போன தடம் அது. விரலால் தோண்டினேன், உள்ளே பொலபொலவென்று கறுப்பு மட்கு. அதற்கு நடுவில் உயிரோடு ஒரு வெள்ளை வேர், பக்கத்தில் நின்ற கன்றினுடையது. சுற்றியிருந்த கெட்டிச் செம்மண்ணை அது தொடவே இல்லை. பழைய மரம் போட்டு வைத்த வழியிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வேரை அறுக்க மனசு வராமல், மாதிரியைக் குழியின் எதிர்ச் சுவரில் எடுத்தோம்.